தோட்டக்கள்ளனும் வடக்குப் பாதையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கியம் பேசும் நேரத்தில் குருவியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நாரையையும் அன்னத்தையும் கூப்பிட்டு நிறுத்தித் தூது சொன்ன புலவர்களின் மொழி நம்முடையது. அந்த உரிமையில் இன்று ஒரு பறவையைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு முன்னர் நம்மிடம் இல்லாத இன்னொரு பறவையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது.

மாத்தளைப் பக்கத்து வீட்டு வளவுகளில் செவ்வரத்தை பூத்திருக்கும்போது, கட்டைவிரல் அளவான ஒரு குருவி வந்து பூவின் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். வெயிலில் அதன் கழுத்து ஊதாவாகவும் பச்சையாகவும் மின்னும். ஆங்கிலப் படப்புத்தகம் பார்த்த பிள்ளைகள் உடனே “ஹம்மிங் பேர்ட்” என்பார்கள். பெரியவர்களும் அதனை ஒப்புக்கொள்வார்கள். மறுபக்கத்தில், மொழிபெயர்ப்பு நூல்கள் சிலவற்றில் அமெரிக்காவின் ஹம்மிங் பேர்டுக்குத் “தேன்சிட்டு” என்றே பெயர் சூட்டிவிடுகிறார்கள். இவ்வாறாக இரண்டு பறவைகளின் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன.

உண்மை என்னவென்றால், ஹம்மிங் பேர்ட் இலங்கையில் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அது இன்று எங்குமே இல்லை. ஏறத்தாழ 360 இனங்கள் இருந்தும் அத்தனையும் அந்தக் கண்டங்களுக்குள்ளேயும் அவற்றைச் சார்ந்த தீவுகளிலுமே வாழ்கின்றன. “இன்று” என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜேர்மனியில் கிடைத்த சுமார் 3 கோடி ஆண்டுப் பழைமையான எலும்புப் படிவங்கள் ஹம்மிங் பேர்டின் மூதாதையினுடையவை என்று 2004ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் பழைய உலகிலும் இருந்து, பின்னர் இங்கிருந்து மறைந்துபோன குடும்பம் அது.

அக்குடும்பத்தில் செம்பழுப்பு நிறமான ஓர் இனம் இருக்கிறது. எடை மூன்று அல்லது நான்கு கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், அந்தப் பாரம்தான். இந்தச் சிற்றுயிர் குளிர்காலத்தை மெக்சிக்கோவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் பசுபிக் கரையோரமாக வடக்கே பறந்து, தெற்கு அலாஸ்காவரை சென்று கூடுகட்டுகிறது. கோடை தணியும்போது வேறு வழியால், ரொக்கி மலைத்தொடரின் புல்வெளிகளில் பூக்கும் மலர்களைத் தொட்டுத்தொட்டுத் தெற்கே இறங்குகிறது. ஒருவழிப் பயணமே 6000 கிலோமீற்றரைத் தாண்டும். சிறகு ஒரு வினாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கும். அந்தச் சிறகொலியே அதற்கு அப்பெயரை வாங்கிக் கொடுத்தது. இத்தனை வேகமாக எரியும் உடம்பு இரவு முழுவதும் பட்டினி கிடக்க முடியாது. ஆகையால் குளிரான இரவுகளில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் பெருமளவு தாழ்த்தி, மரணத்துக்கு அடுத்த வீட்டில் போய்த் தூங்கிவிட்டு, விடியலில் மீண்டும் உயிர்பெற்றது போல எழும்பும்.

நம் பிள்ளைகள் அந்தப் பறவையை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால், நாம் வியப்பது அதன் எந்தக் குணத்தை? பூவில் தேன் குடிப்பதையா, அல்லது இத்தனை சிறிய உடம்புடன் இத்தனை தொலைவு போய் வருவதையா? இந்த இரண்டு குணங்களும் அங்கே ஒரே பறவையில் இருக்கின்றன. மாத்தளையிலோ அவற்றை இரண்டு பறவைகள் பங்குபோட்டு எடுத்துக்கொண்டன என்பது என் எண்ணம்.

தேனை எடுத்துக்கொண்டது நமது தேன்சிட்டு. இலங்கையில் மூன்று வகைகளைக் காணலாம். அவற்றுள் நீண்டு வளைந்த அலகுடையதற்கு லோட்டன் தேன்சிட்டு என்று பெயர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த லோட்டன் என்பவரின் பெயர் அது. அரசாங்க அலுவல்களுக்கு நடுவே அவர் டி பெவரே என்ற இந்நாட்டு ஓவியரைக் கொண்டு பறவைகளையும் பூச்சிகளையும் வரைவித்தார். கோட்டைகளும் கறுவாக் கணக்குகளும் போய்விட்டன. தேசாதிபதி இன்று ஒரு குருவியின் பெயரில் மட்டும் நம் செவ்வரத்தையில் வந்து உட்காருகிறார். அந்த அளவில் அவர் அதிர்ஷ்டசாலிதான்.

தேன்சிட்டும் சில வேளைகளில் பூவின்முன் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். எனினும் பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டே தேன் குடிக்கும். ஹம்மிங் பேர்டுக்கும் இதற்கும் இரத்த உறவு கிடையாது. ஒரே தொழிலைச் செய்ததால் ஒரே சாயல் வந்தது, அவ்வளவுதான். மேலும், தேன்சிட்டு ஊர்விட்டு ஊர் போவதில்லை. உங்கள் முற்றத்துக் கொடியில் சிலந்தி நூலால் கட்டித் தொங்கவிட்ட கூடு அதற்குப் போதும்.

பயணத்தை எடுத்துக்கொண்ட பறவையைத்தான் இன்று பேச வந்தேன். அது பூவுக்குப் போகாது. மரத்தின் அடியில், சருகுக்குள் திரியும். அதன் தமிழ்ப் பெயர் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும், பொன்னுத்தொட்டான் என்றும் வேறு பெயர்களும் வழங்குகின்றன. சிங்களத்தில் அவிச்சியா. விஞ்ஞானப் பெயரின் முற்பகுதி பிட்டா. இந்தப் பிட்டா என்ற சொல் இலத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. தெலுங்கில் சிறு குருவியைக் குறிக்கும் சாதாரணச் சொல். அந்த ஆந்திர நாட்டுச் சொல்லை விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டதனால் ஆபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள இதன் உறவினர்களுக்கும் இன்று அதுவே குடும்பப் பெயர். 1766ஆம் ஆண்டு லின்னேயஸ் முதன்முதலில் இதற்குப் பெயரிட்டபோது, என்ன நினைத்தாரோ, இதனைக் காகத்தின் இனத்தில் சேர்த்து, “குட்டை வாலுள்ள காகம்” என்று பொருள்படப் பெயர் வைத்தார். அதே ஆண்டில்தான் லோட்டன் தேன்சிட்டுக்கும் அவர் பெயரிட்டார்.

காகத்துடன் ஒப்பிடத்தக்க எதுவும் இக்குருவியிடம் இல்லை. முதுகு பச்சை. தோளிலும் இடுப்பிலும் ஒளிரும் நீலம். வயிறு சந்தன நிறம். வாலடியில் குங்குமச் சிவப்பு. கண்ணின் குறுக்கே அகலமாகத் தீட்டிய மை. தொண்டை வெள்ளை. இந்தி பேசுவோர் இதனை நவரங், அதாவது ஒன்பது வர்ணம் என்கிறார்கள். நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. எடை ஐம்பது அறுபது கிராம். வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி குட்டையானது. அந்த இல்லாத வாலையும் மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, நீண்ட கால்களால் தத்தித் தத்திச் சருகுகளைப் புரட்டும். புழு, வண்டு, கறையான், மண்புழு, சிறு நத்தை இவையே உணவு. இத்தனை வர்ணம் இருந்தும் காட்டு நிழலில் பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணில் படாது. நிழலும் வெயிலும் விழுந்த தரையில் அந்த வர்ணங்கள் சிதறிப் போய்விடும். தோட்டக்கள்ளன் என்ற பெயர் அதனால் வந்திருக்கலாம். ஒளிந்து திரிவதில் மட்டும்தான் அது கள்ளன். தோட்டத்துப் பழத்தில் கைவைப்பதில்லை.

கண்ணில் படாத பறவையைக் காதுதான் காட்டிக்கொடுக்கிறது. விடியற்காலையிலும் மாலை மங்கும் வேளையிலும், ஏறக்குறைய ஆறு மணியளவில், இரண்டு சீழ்க்கை கேட்கும். முதலாவது மேலேறும், இரண்டாவது வழுக்கி இறங்கும். ஒன்று கூப்பிட, சற்றுத் தள்ளி இன்னொன்று விடை கொடுக்கும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். நமது மண்ணில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதித்து மறைவதனால் இந்தக் குருவிக்கு மணிக்கூட்டின் பெயர் பொருந்திப்போனது. ஐரோப்பாவில் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தச் சீழ்க்கைக்குச் சிங்களக் கிராமங்களில் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் மயிலின் அழகிய ஆடை இக்குருவிக்கு உரியதாக இருந்ததாம். மயில் அதனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பத் தரவேயில்லை. அன்று முதல் இந்தக் குருவி காலையும் மாலையும் அதைச் சொல்லி அழுகிறது. இனி வரப்போகும் புத்தரிடம் முறையிடுவேன் என்று சொல்வதாகவும் ஒரு வடிவம் உண்டு. கதையை உண்டாக்கியவன் இரண்டு பறவைகளையும் நன்கு பார்த்தவன். மயிலின் நீலத்தையும் பச்சையையும் இக்குருவியின் தோளில் அவன் கண்டிருக்கிறான். தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்து உலர்ந்த காடுகளில் மழைக்காலத்தில் மயிலும் அவிச்சியாவும் ஒரே இடத்தில் திரிவதை இன்றும் காணலாம். வழக்காளியும் எதிராளியும் ஒரே முற்றத்தில்!

சரி, இதன் பயணம் என்ன?

இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவின் காடுகளிலும் இது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே மழை ஓய்ந்து, தரை காய்ந்து, குளிர் வரத் தொடங்கும்போது சருகுக்கடியில் இரை அருகிவிடும். அப்போது தெற்கே புறப்படும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலங்கைக்கு வந்துசேரும். மாத்தளை மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை ஒக்டோபர் தொடங்கித் தை வரையில் கிடைக்கிறது. அதாவது, நம் தரை நனைந்து, சருகு ஊறி, மண்புழு மேலே வரும் வேளைக்குச் சரியாக இந்த விருந்தாளி வந்துவிடுகிறது. இமய அடிவாரத்திலிருந்து மாத்தளைக்கு நேர்கோடு போட்டாலே சுமார் 2500 கிலோமீற்றர். கடைசிக் கட்டத்தில் பாக்கு நீரிணையின் கடல் குறுக்கிடும்.

பறந்துகொண்டு போவதை நாம் காண்பதில்லை. காரணம், அது இரவில் பறக்கிறது. பகலெல்லாம் தரையில் தத்தித் திரியும் பறவை, பருந்துகள் உறங்கும் நேரத்தில், குளிர்ந்த காற்றில் உயரே ஏறிப் போகிறது. விடிந்ததும் எங்கே காடோ தோப்போ தெரிகிறதோ அங்கே இறங்கும். நகரங்களின் வெளிச்சம் இதனைக் குழப்பிவிடும். ஒக்டோபர் மாத விடியலில் விறாந்தையிலும், குளியலறையிலும், பாடசாலை வகுப்பறையிலும் களைத்துப்போன ஒரு வர்ணக்குருவி உட்கார்ந்திருப்பதாகச் செய்திகள் வருவது இதனால்தான். கண்ணாடி யன்னலில் மோதிச் செத்துக் கிடப்பதும் உண்டு. பூனை தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்துவிட்டால் அதற்குச் சோறும் பாலும் ஊட்ட வேண்டாம். காற்றுப் போகும் ஓர் அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். மாலையானதும் பற்றைகள் உள்ள பக்கமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகிப் போங்கள். அநேகமாக அதுவே போய்விடும்.

இவ்வாறு பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வதைத் தமிழில் வலசை என்கிறோம். இன்று இச்சொல்லைக் கேட்டதும் பறவைதான் நினைவுக்கு வரும். ஆனால், அகராதியைப் புரட்டினால் மனிதர் குடிபெயர்ந்து வேற்றிடம் போவதே இதன் பழைய பொருள் என்று தெரியும். மனிதருக்கு வைத்த சொல்லைப் பறவைக்குக் கொடுத்திருக்கிறோம். மாத்தளையில் நின்றுகொண்டு இச்சொல்லைச் சொல்லும்போது அதன் இரண்டு பொருளும் ஒன்றாகக் காதில் விழுகின்றன.

நேயர்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலிகளாக வந்த மக்கள் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து கால்நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுக்குள்ளால் வந்த அந்த வடக்குப் பாதை மலைநாட்டைத் தொடும் வாசல் மாத்தளை. தண்ணீரில்லாத காடு, கொலரா, அம்மை, காய்ச்சல் என்று வழியில் விழுந்தவர்களுக்கு முழுமையான கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தை இந்த வழிநடை மக்களோடு சேர்த்தே மரபு பேசுகிறது. அம்மையும் வறட்சியும் தாண்டி வந்தவர்கள் மாரியைத் தேடியதில் வியப்பென்ன?

நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு செய்தி இதில் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் வந்த மக்களில் பெரும்பாலோர் இங்கே குடியிருக்க வந்தவர்கள் அல்லர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அதே பாதையால் ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்தில் மீண்டும் வந்தார்கள். சொல்லின் முழுப்பொருளில் அது வலசை. அதை நிறுத்தியது தேயிலை. 1869ஆம் ஆண்டளவில் கோப்பி இலையில் தோன்றிய துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரை வீழ்த்த, அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். போய்வந்தவர்கள் லயக் காம்பிராவில் நிலைத்தார்கள். பின்னர் வந்த ரயிலும் கப்பலும் பாதையை இலகுவாக்கின, ஆனால் பருவம் தவறாமல் போய்வரும் அந்தப் பழைய ஒழுங்கு திரும்பவில்லை.

அதன் பின்னர் நடந்தவை இன்னொரு உரைக்கு உரியவை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இங்கேயே பிறந்தவர்களையும் நீ எந்த ஊர்ப் பறவை என்று கேட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கவும் முடிவாயிற்று. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேருக்கு 1974இல் இன்னொரு உடன்படிக்கை. போனவர்களில் எத்தனையோ பேருக்கு அது ஊர் திரும்புவதும் அல்ல, வலசையும் அல்ல. திரும்பிவர வழியில்லாத போக்கு அது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்டில் மாத்தளையில் வந்து முடிந்தது. முன்னோர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் காலால் அளந்து பார்த்தார்கள்.

அவர்கள் நடந்துவந்த அதே கடலுக்கும் அதே காட்டுக்கும் மேலாக, அடுத்த மாதமே, கடவுச்சீட்டில்லாத ஐம்பது கிராம் எடையுள்ள ஓர் உயிர் இருட்டில் வந்திருக்கும். கோப்பிக் காலத்திலும் வந்தது, தேயிலைக் காலத்திலும் வந்தது. கப்பல் சேவை நின்றுபோன யுத்த காலத்திலும் வந்தது. இதனைச் சொல்லி, பறவை சுதந்திரமானது, மனிதன் பாவம் என்று கவிதை எழுதுவது சுலபம். நமது கவிஞர்களும் அப்படிப் பல எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவிதைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. புறப்படும் பறவைகள் எல்லாம் வந்துசேர்வதில்லை. பசிக்குப் பயந்து புறப்படுவதில் பறவைக்கும் கோப்பித் தொழிலாளிக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு திரும்பும் பயணத்தில் இருக்கிறது. பறவைக்கு இரண்டு ஊரும் சொந்தம். அதை யாரும் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். நம் பழைய பாடல்களில் இரண்டு வலசைப் பறவைகள் மிகப் புகழ்பெற்றவை. ஒன்று, புறநானூற்றில் பிசிராந்தையார் பேசும் அன்னம். குமரித் துறையில் இரைதேடிவிட்டு வடமலைக்குப் போகிறது. இடையில் சோழனைக் கண்டு போ என்கிறார் புலவர். மற்றொன்று, சத்திமுற்றப் புலவரின் நாரை. அதுவும் தென்திசைக் குமரியாடி வடக்கே போவதுதான். வறுமையில் குளிரில் நடுங்கும் கணவனின் நிலையை வழியிலுள்ள ஊரில் காத்திருக்கும் மனைவிக்கு அது சொல்லவேண்டும். கவனித்தீர்களா? இரண்டு பறவைகளும் திரும்பிப் போகும் பயணத்தில் இருப்பவை. பருவம் முடிந்து வடக்கே போவதை அந்தப் புலவர்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். இரண்டும் பெரிய பறவைகள் என்பதும் கவனிக்கத்தக்கது. பகலில் அண்ணாந்து பார்த்தால் தெரிபவை. கூப்பிட்டால் கேட்குமோ என்று எண்ணும்படி வானத்தில் ஊர்வலம் போகிறவை.

தோட்டக்கள்ளனை யாரும் தூது விடவில்லை. இருட்டில் போகும் பறவையிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது? அதற்கு இலக்கியத்தில் கிடைக்காத இடம் பெயரில் கிடைத்திருக்கிறது. ஆறுமணிக்குருவி என்ற பெயரை இட்டவர் ஏட்டுப் புலவர் அல்லர். விடியலில் எழும்பி, மாலை மங்கி வீடு திரும்பியவர். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் ஒரு படி மேலாகக் கேட்கும். தப்போசையில் எழும்பி, இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்துக்கு ஓடி, பேர் கொடுத்துவிட்டு மலையேறிய சனத்துக்கு, விடியற்காலை ஆறு மணி என்பது வெறும் நேரமல்ல, அரைநாட் சம்பளம். அந்த வேளையில் லயத்துக்குப் பின்னால், ஆற்றோரப் பற்றைக்குள் இருந்து இந்தச் சீழ்க்கையும் கேட்டிருக்கும். நமது மலையகக் கதைகளில் அட்டை இருக்கிறது, பனி இருக்கிறது, காகமும் சேவலும் கூட இருக்கின்றன. இந்தக் குரலை எழுதிய கதை ஒன்று கிடைத்தால் மிகவும் மகிழ்வேன். இனி எழுதப்பட்டாலும் சரிதான்.

தேயிலை மலையை விட இக்குருவிக்கு ஏற்ற இடம் மாத்தளையின் தாழ்வான பகுதிதான். வரிசையாகக் கத்தரித்த தேயிலைக்கு நடுவே வெயில் படும் வெறுந்தரை இதற்கு ஆகாது. கொக்கோ, மிளகு, சாதிக்காய், கராம்பு, பலா, கமுகு எல்லாம் கலந்து நிழல்போடும் பழைய வளவுகள் இருக்கின்றனவே, அவைதான் அதற்கு மாளிகை. கொக்கோ மரத்தின் பெரிய இலை உதிர்ந்து மட்கிய தரை ஒரு பாய்போல இருக்கும். அதைப் புரட்டப் புரட்ட இரை. மாத்தளையின் வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பார்க்கப் பிற நாட்டார் வருகிறார்கள். அவர்களைவிட முன்னதாக, கட்டணமின்றி, வடக்கிலிருந்து வரும் இந்த உல்லாசப் பயணியை வழிகாட்டிகள் காட்டுவதில்லை.

நமக்குச் சருகு என்றால் குப்பை. விடிந்தால் விளக்குமாறு, மாலையானால் நெருப்பு. முற்றம் பெருக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது நம் பண்பாடு. ஆனால், வளவின் பின்மூலைவரை கூட்டிக் கொளுத்தி, சீமெந்து போட்டு மெழுகியபின், குருவியைக் காணோமே என்று கேட்பதில் நியாயமில்லை. ஒரு மூலையில், ஒரு பலாமரத்தடியில், சருகை அப்படியே விட்டுவைத்தால் செலவு ஒன்றும் இல்லை. இப்பறவை உலக அளவில் அழிவின் விளிம்பில் இல்லை என்பது நல்ல செய்தி. அதற்கு வரும் இடையூறுகள் எல்லாம் சிறியவை, ஆனால் பாதை முழுவதும் இருப்பவை. வெளிச்சம், கண்ணாடி, பூனை, நெருப்பு. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாடிகளுடன் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தைப் பற்றியும் பறவையியலாளர்கள் கவலை தெரிவித்தார்கள். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைப் பாதையின் கடைசி வாசல் அது. மின்சாரமும் வேண்டும், வாசலும் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. செப்டெம்பர் கடைசியில் தொடங்கி, மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, நிழலும் சருகும் உள்ள எந்த ஓடைக்கரையிலும் நின்று பாருங்கள். வானொலியைச் சற்று நிறுத்திவிட்டால் நல்லது. இதனை வானொலியிலேயே சொல்வதற்கு நிலையத்தார் மன்னிக்கவேண்டும். இரண்டு சுருதிச் சீழ்க்கை ஒருதடவை காதில் பதிந்துவிட்டால் பிறகு மறக்காது. தம்புள்ளையிலும், நாலந்தா கெடிகேயைச் சுற்றிய மரங்களிலும், நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கிராமங்களிலும் கேட்கலாம். குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே வாழும். இங்கே அதற்குத் துணையும் இல்லை, கூடும் இல்லை. கூப்பிடுவது அநேகமாக, இந்தச் சருகுப் பாய் எனக்குரியது என்று பக்கத்தாருக்கு அறிவிப்பதற்கே.

பங்குனி முதிர்ந்து வெயில் ஏறும்போது குரல்கள் குறையும். சித்திரைப் புத்தாண்டுச் சந்தடியில், இன்றைக்குக் கேட்கவில்லையே என்று ஒருநாள் தோன்றும். அதற்குள் அது கடல் தாண்டியிருக்கும். மத்திய இந்தியக் காடுகளில் மழை வரும் காலத்தில், இங்கே ஆறு மணிக்கு மட்டும் வாய்திறந்த அந்தப் பறவை பகலெல்லாம் துணையைக் கூப்பிடும். பிறகு ஆணும் பெண்ணும் சேர்ந்து, காய்ந்த இலையும் வேரும் சுள்ளியும் கொண்டு, தரையிலோ தாழ்ந்த கிளையிலோ, பக்கவாட்டில் வாசல் வைத்து ஒரு பந்துபோலக் கூடு கட்டும். உள்ளே நாலைந்து வெள்ளை முட்டை, ஊதாப் புள்ளிகளோடு.